லத்தீனோக்கள் எந்த இனம்? அமெரிக்கச் சட்டம் கண்ட பதில்

2020ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தில் அடுத்தடுத்து இரண்டு கேள்விகள் இருந்தன. நீங்கள் ஹிஸ்பானிக், லத்தீனோ அல்லது ஸ்பானியப் பூர்வீகம் கொண்டவரா என்பது முதலாவது. உங்கள் இனம் எது என்பது அடுத்தது. இந்த இரண்டாவது கேள்விக்கான கட்டங்களில் வெள்ளையர் உண்டு, கறுப்பர் உண்டு, சீனர் உண்டு, நம் ஊரிலிருந்து போன இந்தியருக்கும் தனிக் கட்டம் உண்டு. லத்தீனோவுக்கு மட்டும் இல்லை. முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்று பதில் தந்தவர்களில் பத்துக்கு நான்கு பேருக்கும் மேல், இனம் எது என்று கேட்டபோது ‘வேறு ஏதோ ஓர் இனம்’ என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டுப் போனார்கள்.

அமெரிக்கத் தேர்தல் வரும்போதெல்லாம் தமிழிலும் ‘லத்தீன் இனத்தவர் வாக்கு’ என்று எழுதுகிறோம். கறுப்பர்களைப் போல இவர்களும் ஓர் இனம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஸ்பெயினிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள், ஆகவே வெள்ளையர் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இரண்டுமே பாதிதான் சரி. இந்தக் கேள்வியோடு அமெரிக்கச் சட்டம் நூறு வருஷத்துக்கு மேல் மல்லுக்கட்டியது. கடைசியில் ஒரு வழி பிறந்தது. அந்த வழியைக் காட்டியவர்கள் லத்தீனோ வழக்கறிஞர்களும் சட்டப் பேராசிரியர்களும்தான். சட்டத்தில் அக்கறை உள்ள எவரும் தெரிந்துகொள்ள வேண்டிய வழி அது என்று நான் நம்புகிறேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் சொற்கள்

ஹிஸ்பானிக் என்றால் ஸ்பானிய மொழியோடு தொடர்புள்ளவர். லத்தீனோ என்றால் லத்தீன் அமெரிக்காவோடு தொடர்புள்ளவர். பொதுவழக்கில், போர்த்துகீசியம் பேசும் பிரேசில்காரர் லத்தீனோ. ஆனால் ஹிஸ்பானிக் இல்லை. ஸ்பெயின்காரர் நேர்மாறு. அமெரிக்காவில் வாழும் மெக்சிகோ, போர்ட்டோ ரிக்கோ, கியூபா வழியினர் இரண்டிலும் அடங்குவார்கள்.

லத்தீனெக்ஸ் என்ற சொல் பின்னால் வந்தது. ஸ்பானிய மொழியில் லத்தீனோ ஆண்பால், லத்தீனா பெண்பால். நமக்கு மாணவன், மாணவி இருப்பதுபோல. நாம் ‘மாணவர்’ என்று சொல்லி இருவரையும் சேர்த்துக்கொள்கிறோம். ஸ்பானிய மொழியில் அப்படி வசதியான ‘ர்’ கிடையாது. அந்த இடத்தை நிரப்பத்தான் கடைசி எழுத்தை எடுத்துவிட்டு எக்ஸ் போட்டார்கள். பல்கலைக்கழகங்களில் இது பரவியது, வீடுகளில் பரவவில்லை. பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வில், தங்களைக் குறிக்க இந்தச் சொல்லைப் பயன்படுத்துவதாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு நான்கு பேர். பெரும்பாலோர் புழங்கும் சொல் என்பதால் இங்கே லத்தீனோ என்றே எழுதுகிறேன்.

இவை எதுவும் தோலின் நிறத்தைச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். லத்தீனோக்களில் வெள்ளையர், கறுப்பர், பழங்குடியினர், கலப்பு வழியினர் எல்லோரும் உண்டு.

பத்திரிகையில் பெயர், பந்தியில் இடமில்லை

ஒரு கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பத்திரிகையில் உங்கள் பெயரை ‘உறவினர்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். பந்திக்குப் போனால், உங்களைத் தனியாகக் கொல்லைப்புறத்தில் உட்காரச் சொல்கிறார்கள். ஏன் என்று கேட்டால், ‘உறவினர் பட்டியலில்தானே உங்கள் பெயர் இருக்கிறது, அப்புறம் என்ன குறை?’ என்று பத்திரிகையை நீட்டுகிறார்கள்.

டெக்சாஸில் மெக்சிகோ வழியினரின் நிலை ஏறக்குறைய இதுதான். 1848இல் குவாதலூப்பே இதால்கோ உடன்படிக்கையோடு மெக்சிகோவுடனான போர் முடிந்தது. இன்றைய கலிஃபோர்னியா உட்படப் பெரும் நிலப்பரப்பு அமெரிக்காவின் கைக்குப் போனது. அங்கேயே தங்கிய மெக்சிகோக்காரர்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை தருவதாக உடன்படிக்கை சொன்னது. ஆனால் அன்றைய குடியுரிமைச் சட்டம் 1790இல் இயற்றப்பட்டது. சுதந்திரமான வெள்ளையருக்கு மட்டுமே இடம் கொடுத்தது. வெள்ளையருக்குத்தான் குடியுரிமை, மெக்சிகோக்காரர்களுக்கும் குடியுரிமை, ஆகவே மெக்சிகோக்காரர்கள் வெள்ளையர் என்று ஒரு கணக்கு உருவாகிவிட்டது. 1897இல் சான் அன்டோனியோவில் ரிக்கார்டோ ரொட்ரீகஸ் என்பவர் குடியுரிமை கேட்டபோது, மானுடவியல் கணக்கில் அவர் வெள்ளையர் இல்லாமல் இருக்கலாம், ஆனால் உடன்படிக்கையின்படி அவருக்குத் தகுதி உண்டு என்றுதான் நீதிமன்றம் முடிவு செய்தது.

காகிதத்தில் வெள்ளையர். நடப்பிலோ தனிப் பள்ளிக்கூடம், உள்ளே விடாத உணவகம். 1930 கணக்கெடுப்பில் ‘மெக்சிகன்’ என்று தனி இனக் கட்டம் போட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியது, 1940இல் எடுத்துவிட்டார்கள். எதிர்த்தவர்களில் மெக்சிகோ வழி அமெரிக்கத் தலைவர்களும் இருந்தார்கள். ‘வெள்ளையர்’ என்ற பெயரை விட்டால் கறுப்பர்களுக்கு நேர்ந்ததெல்லாம் சட்டப்படியே தங்களுக்கும் நேரும் என்று அஞ்சினார்கள். அந்த அச்சம் புரிகிறது. ஆனால் பக்கத்தில் நின்று அதே அடியை வாங்கியவர்களிடமிருந்து விலகி நிற்க வைத்த அச்சம் அது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எட்னா நகரத்து வழக்கு

1951இல் டெக்சாஸின் ஜாக்சன் கவுன்டியில் (கவுன்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி), எட்னா என்ற சிறு நகரத்தில் ஒரு மதுக்கடைத் தகராறு கொலையில் முடிந்தது. பீட் ஹெர்னாண்டஸ் என்ற பண்ணைத் தொழிலாளி கைதானார். கொன்றவர், கொல்லப்பட்டவர் இருவருமே மெக்சிகோ வழியினர். ஹெர்னாண்டஸுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

அமெரிக்காவில் இப்படிப்பட்ட வழக்கில் குற்றவாளியா இல்லையா என்று முடிவு செய்வது ஜூரி. அதாவது, ஊர் மக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்படும் சாதாரணக் குடிமக்களின் குழு. உங்களை உங்கள் ஊராரே தீர்ப்பிட வேண்டும் என்பது அதன் தத்துவம். ஹெர்னாண்டஸைத் தீர்ப்பிட்ட ஜூரியில் மெக்சிகோ வழியினர் ஒருவர்கூட இல்லை. அந்த ஒரு ஜூரியில் மட்டும் இல்லாமலிருந்தால் தற்செயல் எனலாம். 25 வருஷமாக அந்தக் கவுன்டியில் எந்த ஜூரியிலும் மெக்சிகோப் பெயர் கொண்ட ஒருவர்கூட உட்கார்ந்ததாகப் பதிவு இல்லை.

இந்த இடத்தில்தான் குஸ்தாவோ கார்சியா, கார்லோஸ் கதேனா, ஜான் ஹெரேரா, ஜேம்ஸ் தெ ஆன்டா என்ற நான்கு வழக்கறிஞர்கள் வருகிறார்கள். கதேனா சான் அன்டோனியோவின் செயின்ட் மேரிஸ் சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தியவர். வாதத்தின் சட்ட எலும்புக்கூட்டை உருவாக்கியதில் அவர் பங்கு பெரிது. லத்தீனோக்களின் உரிமைக்காக 1929இல் தொடங்கிய லுலாக் அமைப்பும், போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்காக டாக்டர் ஹெக்டர் கார்சியா 1948இல் தொடங்கிய அமெரிக்கன் ஜிஐ ஃபோரமும் பணம் திரட்டிக் கொடுத்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. மெக்சிகோ வழி அமெரிக்க வழக்கறிஞர்கள் அந்த மன்றத்தில் நின்று வாதாடியது அதுவே முதல் முறை.

கொலை செய்தவருக்காக ஏன் இவ்வளவு பாடு என்று தோன்றலாம். அவர் நிரபராதி என்று சொல்வது அவர்கள் நோக்கமாக இல்லை. ஊரில் ஒரு பகுதியினரை ஒதுக்கிவிட்டு அமைத்த மன்றத்துக்கு, அந்தப் பகுதியினரில் ஒருவரைத் தண்டிக்கும் தகுதி உண்டா என்பதே கேள்வி.

‘இரண்டு வகுப்புதான் உண்டு’

டெக்சாஸ் அரசின் பதில் சாமர்த்தியமானது. அதைப் புரிந்துகொள்ள ஒரு சொல் வேண்டும்: சம பாதுகாப்பு. அமெரிக்க அரசியல் சாசனத்தின் 14வது திருத்தம் 1868இல், அடிமை முறை ஒழிந்த பிறகு வந்தது. எந்த மாநிலமும் எவருக்கும் சட்டங்களின் சம பாதுகாப்பை மறுக்கக் கூடாது என்கிறது அது. சட்டம் ஒருவரைக் காக்கும் அதே அளவுக்கு இன்னொருவரையும் காக்க வேண்டும் என்று பொருள். இந்திய அரசியல் சாசனத்தின் 14வது பிரிவிலும் இதே தொடர் இருக்கிறது.

அந்தத் திருத்தம் கறுப்பர்–வெள்ளையர் பாகுபாட்டை ஒழிக்க வந்தது என்றது டெக்சாஸ். அதன் பார்வையில் இரண்டே வகுப்புகள்தான். மெக்சிகோ வழியினர் வெள்ளையர், ஜூரியில் இருந்தவர்களும் வெள்ளையர், பிறகு பாகுபாடு எங்கே வந்தது? கல்யாண வீட்டுப் பத்திரிகையை நீட்டிய அதே கை.

எதிர்த்தரப்புக்கு இரண்டு வழிகள் கண்ணுக்குத் தெரிந்தன. ‘நாங்கள் வெள்ளையர் இல்லை’ என்று சொல்லலாம். சொன்னால் நூறு வருஷமாகப் பிடித்துவைத்திருந்த சட்டப் பாதுகாப்பு போகும். ‘நாங்கள் வெள்ளையர்தான்’ என்று சொல்லலாம். சொன்னால் வழக்கே இல்லை.

அவர்கள் மூன்றாவதாக ஒரு வழி எடுத்தார்கள். இன நூல்கள் எங்களை எப்படி வேண்டுமானாலும் வகைப்படுத்தட்டும், ஜாக்சன் கவுன்டியில் எங்களைத் தனியாகப் பிரித்து நடத்துகிறார்களா என்று மட்டும் பாருங்கள் என்றார்கள். பிரித்து நடத்துகிறார்கள் என்றால், இந்த ஊரில் நாங்கள் ஒரு தனி வகுப்பு. தனி வகுப்பு என்றால் இனம் எதுவானாலும், சுற்றியிருக்கும் சமூகம் வேறாகப் பார்த்து வேறாக நடத்தும் கூட்டம். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு கருத்தை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை வந்த வழி சுருக்கமாக: லத்தீனோ என்பது நிறப் பெயர் இல்லை. சட்டம் அவர்களை வெள்ளையர் என்று எழுதிவைத்தது, ஊர் அப்படி நடத்தவில்லை. அந்த இடைவெளியைத்தான் வழக்கறிஞர்கள் ஆதாரமாக எடுத்தார்கள்.

எப்படி நிரூபித்தார்கள்?

இரண்டு படிகள். ஊர் உங்களைத் தனியாகப் பார்க்கிறது என்று முதலில் காட்ட வேண்டும். அந்தப் பார்வைதான் ஜூரியில் இடம் கிடைக்காததற்குக் காரணம் என்று அடுத்து காட்ட வேண்டும்.

முதல் படிக்குச் சான்றுகள் ஊரெங்கும் கிடந்தன. ‘மெக்சிகோக்காரர்களுக்கு இங்கே பரிமாறுவதில்லை’ என்று ஓர் உணவகத்தில் பலகை. கொஞ்ச காலம் முன்புவரை மெக்சிகோ வழிக் குழந்தைகளுக்கு முதல் நான்கு வகுப்புகளுக்குத் தனிப் பள்ளி. ஊர் அதிகாரிகளே சாட்சி சொல்லும்போது ‘வெள்ளையர்’, ‘மெக்சிகன்’ என்று பிரித்துப் பேசினார்கள். எல்லாவற்றையும்விட அழுத்தமான சான்று நீதிமன்ற வளாகத்திலேயே இருந்தது. ஆண்களுக்கு இரண்டு கழிப்பறைகள். ஒன்றில் எழுத்தே இல்லை. மற்றதன் மேல் ‘கறுப்பு ஆண்கள்’ என்று ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு, அதோடு ‘ஓம்ப்ரெஸ் அகீ’ என்று ஸ்பானிய மொழியில் இன்னொன்று. ஆண்கள் இங்கே என்று அர்த்தம். பாகுபாடே இல்லை என்று தீர்ப்பெழுதிய கட்டடத்தின் கழிப்பறைக் கதவு வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது. இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப் போகிறது.

இரண்டாவது படி கணக்கு. ஊர்த் திருவிழாக் குழுவுக்கு வருஷாவருஷம் குலுக்கல் போடுகிறார்கள் என்று வையுங்கள். மேலத்தெருக்காரர்கள் பெயரும் குடத்தில் இருப்பதாகச் சொல்கிறார்கள். ஒரு வருஷம் மேலத்தெரு வராவிட்டால் அதிர்ஷ்டம் இல்லை எனலாம். 25 வருஷம் ஒரு பெயர்கூட வராவிட்டால், குடத்தில் அந்தச் சீட்டுகள் விழவே இல்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். சீட்டை ஒளித்தவரைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டிய அவசியமில்லை.

ஜாக்சன் கவுன்டியில் அதுவே நடந்தது. 21 வயது தாண்டிய ஆண்களில் நூற்றுக்குச் சுமார் 11 பேர் மெக்சிகோ அல்லது லத்தீன் அமெரிக்கப் பெயர் கொண்டவர்கள். அவர்களில் ஜூரிக்குத் தகுதியானவர்கள் உண்டு என்று அரசுத் தரப்பே ஒப்புக்கொண்டது. 25 வருஷத்தில் அழைக்கப்பட்ட ஜூரிகள் 6,000 பேருக்கும் மேல். தகுதியானவர் நூற்றுக்கு ஒருவர்தான் என்று வைத்தால்கூட அறுபது பேராவது வந்திருக்க வேண்டும். வந்தவர் எவருமில்லை. பட்டியல் தயாரித்த ஐந்து பேரும் தாங்கள் பாகுபாடு பார்க்கவில்லை என்று சாட்சி சொன்னார்கள். தற்செயலாக இப்படி நடந்தது என்பதை நம்ப முடியவில்லை என்றது உச்ச நீதிமன்றம்.

1954 மே 3

தீர்ப்பு ஒருமனதாக வந்தது. எழுதியவர் தலைமை நீதிபதி எர்ல் வாரன். ஒரு சமூகத்தின் வெறுப்புகள் ஒரே இடத்தில் நிற்பவை இல்லை என்றார் அவர். இன்று ஒரு கூட்டத்தின் மேல் இருக்கும் வெறுப்பு நாளை வேறொரு கூட்டத்தின் மேல் திரும்பலாம். ஆகவே அப்படி ஒதுக்கப்படும் கூட்டம் ஓர் ஊரில் இருக்கிறதா என்பது உண்மைநிலை பற்றிய கேள்வி. அதாவது, ஏட்டைப் புரட்டி விடை சொல்லக் கூடாது, ஊரைப் பார்த்துச் சான்று எடுத்துச் சொல்ல வேண்டும்.

வாரனுக்கு இந்தப் பிரச்சினை புதிதாக இருந்திருக்காது. கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுன்டியில் மெக்சிகோ வழிக் குழந்தைகளைத் தனிப் பள்ளிகளுக்கு அனுப்பியதை எதிர்த்து மெண்டஸ் குடும்பமும் வேறு குடும்பங்களும் போட்ட வழக்கு 1947இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றது. அப்போது அந்த மாநிலத்தின் ஆளுநர் வாரன். பள்ளிகளில் இனப் பிரிவினையை அனுமதித்த மாநிலச் சட்டப் பிரிவுகளை நீக்கும் மசோதாவில் அதே ஆண்டு அவர்தான் கையெழுத்திட்டார்.

ஹெர்னாண்டஸ் மறு விசாரணைக்குப் போனார், மீண்டும் தண்டனை பெற்றார். தீர்ப்பு வந்த இரண்டு வாரத்தில், மே 17 அன்று, கறுப்பினக் குழந்தைகளின் பள்ளிப் பிரிவினையை ஒழித்த பிரவுன் தீர்ப்பு வந்தது. உலகம் அதைத்தான் நினைவு வைத்தது. சட்ட மாணவர்களே ஹெர்னாண்டஸ் வழக்கைக் கேள்விப்படாமல் பட்டம் வாங்கிய காலம் நீண்டது.

பெயரே கண்ணியானபோது

தனி வகுப்பு என்ற கருத்து ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைப் பின்னால் நடந்த ஒன்று காட்டிவிட்டது. பள்ளிகளில் கறுப்பர்களையும் வெள்ளையர்களையும் கலக்க வேண்டும் என்ற கட்டாயம் வந்ததும், டெக்சாஸின் சில பள்ளி வாரியங்கள் கறுப்புக் குழந்தைகளையும் மெக்சிகோ வழிக் குழந்தைகளையும் ஒரே பள்ளியில் சேர்த்தன. ‘மெக்சிகோ வழியினர் வெள்ளையர்தானே, கலந்தாயிற்று’ என்றன. மற்ற வெள்ளைக் குழந்தைகளின் பள்ளிகள் அப்படியே இருந்தன.

கார்பஸ் கிறிஸ்டியில் இரும்பாலைத் தொழிலாளர் குடும்பங்கள், தங்கள் தொழிற்சங்கத்தின் ஆதரவோடு இதை எதிர்த்து வழக்குப் போட்டன. வாதாடியவர் அதே ஜேம்ஸ் தெ ஆன்டா. மெக்சிகோ வழி அமெரிக்கர்கள் அடையாளம் காணத்தக்க சிறுபான்மையினர், பிரவுன் தீர்ப்பின் பாதுகாப்பு அவர்களுக்கும் உண்டு என்று 1970இல் தீர்ப்பு வந்தது. வெள்ளையர் என்ற பழைய கேடயத்தை அவர்களே கீழே வைத்த நாள் அது. தெ ஆன்டா பிற்காலத்தில் கூட்டாட்சி நீதிபதி ஆனார். கதேனா டெக்சாஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றின் தலைமை நீதிபதியாக உயர்ந்தார்.

எழுதியவர்களும் நடத்தியவர்களும்

ஒரு வழக்கு வென்றால் போதாது. அதை யாராவது எழுதி, கற்பித்து, அடுத்த வழக்குக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். சட்டப் புலமை என்பது இந்த வேலைதான்.

நடத்தும் பக்கத்தில், பீட் திஹெரீனா என்ற சான் அன்டோனியோ வழக்கறிஞர் 1968இல் மெக்சிகோ வழி அமெரிக்கர்களுக்காக மால்டெஃப் என்ற சட்டப் பாதுகாப்பு நிதியத்தைத் தொடங்கினார். கறுப்பினத்தவருக்காக ஏற்கெனவே இருந்த ஒரு நிதியம் அதற்கு முன்மாதிரி. 1973 முதல் 1982 வரை அதன் தலைவராக இருந்தவர் வில்மா மார்ட்டினஸ். ஆவணமற்ற குடியேறிகளின் குழந்தைகளிடம் ஆண்டுக்கு 1,000 டாலர் கேட்ட டெக்சாஸின் டைலர் நகரப் பள்ளிகளுக்கு எதிரான வழக்கை மால்டெஃப் நடத்தியது. 1982இல் உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு நீதிபதிகள் என்ற கணக்கில் வென்றது. அந்தக் குழந்தைகளுக்கும் பொதுப் பள்ளியில் இடம் உண்டு என்பது அன்று முதல் சட்டம். போர்ட்டோ ரிக்கோ வழியினரும் 1972இல் தங்களுக்கு ஒரு நிதியம் அமைத்தார்கள். அதன் நிர்வாகக் குழுவில் 1980 முதல் 12 வருஷம் இருந்த சோனியா சோட்டோமேயோர் 2009இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் லத்தீனா நீதிபதி ஆனார்.

எழுதும் பக்கத்தில் முதல் தடை, எழுத இடமே இல்லாதது. 1984இல் சட்டப் பேராசிரியர் ரிச்சர்ட் தெல்காடோ ஒரு கட்டுரை எழுதினார். சிறுபான்மையினர் உரிமை பற்றிப் பெரிய சட்ட இதழ்களில் எழுதுபவர்கள் ஒரு சிறு வெள்ளை ஆண் வட்டத்தினர், ஒருவரையொருவர் மேற்கோள் காட்டிக்கொள்கிறார்கள், சிறுபான்மை அறிஞர்கள் எழுதியதைக் கண்டுகொள்வதே இல்லை என்று எடுத்துக்காட்டினார். ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஒலிவாஸ் இன்னும் நேரடியாக இறங்கினார். லத்தீனோ ஆசிரியர் ஒருவர்கூட இல்லாத சட்டக் கல்லூரிகளின் பெயர்களை வருஷாவருஷம் பட்டியல் போட்டு வெளியிட்டார். எந்தக் கல்லூரிக்கும் அந்தப் பட்டியலில் இருக்கப் பிடிக்குமா? மறந்துபோன ஹெர்னாண்டஸ் வழக்கைப் பற்றி 2006இல் ஒரு கட்டுரைத் தொகுப்பைக் கொண்டுவந்தவரும் அவரே. 2022இல் காலமானார்.

1995இல் போர்ட்டோ ரிக்கோவில் கூடிய சட்டப் பேராசிரியர்கள் சிலர் தங்கள் முயற்சிக்கு லாட்கிரிட் என்று பெயர் வைத்தார்கள். லத்தீனோ அனுபவத்திலிருந்து சட்டத்தை விமர்சித்துப் பார்க்கும் சிந்தனை மரபு என்று அதைச் சொல்லலாம். ஹுவான் பெரேயா 1997இல் எழுதிய கட்டுரை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அமெரிக்க இனப் பேச்சு முழுவதும் கறுப்பு–வெள்ளை என்ற இரண்டே முனைகளில் நிற்கிறது, மற்றவர்கள் வரலாற்றிலிருந்தே காணாமல் போகிறார்கள் என்றார். 1954இல் டெக்சாஸ் அரசு சொன்ன ‘இரண்டு வகுப்பு’ பாடப் புத்தகங்களில் இன்னும் உயிரோடு இருந்ததைத்தான் அவர் காட்டினார்.

மீண்டும் அந்தப் படிவம்

2024 மார்ச்சில் அமெரிக்க அரசு அந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாக்க முடிவு செய்தது. புதிய விதியின்படி வெள்ளையர், கறுப்பர் கட்டங்களுக்குப் பக்கத்திலேயே ‘ஹிஸ்பானிக் அல்லது லத்தீனோ’ கட்டமும் வரும். எத்தனை கட்டத்தில் வேண்டுமானாலும் டிக் அடிக்கலாம். ‘வேறு ஏதோ ஓர் இனம்’ என்று ஒதுங்கிய கோடிக்கணக்கானவர்களுக்கு இனியாவது சொந்தக் கட்டம் கிடைக்கும் என்று வரவேற்பவர்கள் இருக்கிறார்கள்.

கறுப்பின லத்தீனோ அறிஞர்கள் சிலர் கவலைப்படுகிறார்கள். டொமினிகன் குடியரசிலிருந்து வந்த கறுப்பர் ஒருவர் நியூயார்க்கில் லத்தீனோ என்ற ஒரே கட்டத்தை நிரப்பிவிட்டுப் போகிறார் என்று வையுங்கள். அவர் வாடகைக்கு வீடு கேட்டுப் போகும் இடத்தில், வெள்ளை நிற அர்ஜென்டினாக்காரருக்கு நடப்பது அவருக்கு நடக்காது. நாளை அந்தப் பாகுபாட்டை நீதிமன்றத்தில் நிரூபிக்க எண்ணிக்கை தேவைப்படும். எட்னாவில் 6,000 பேர் பட்டியலைக் காட்டியதுபோல இவருக்காக எந்தப் பட்டியலைக் காட்டுவது என்று அவர்கள் கேட்கிறார்கள்.